அறுபது விநாடி

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
நிலவறையில் நான் தொட்டித் தண்ணீரைச் சூடாக்குகிறேன்
இருபத்திரண்டு பாகைக்கு.
வெள்ளைச் சாயம் இரண்டு கோப்பை;
அடி தெரியக் கூடாது.
விரற்கடை ஆழத்தில் உள்ளங்கை அகல மேடை.
அது இருக்குமிடம்
எனக்கும் கூரைக் கேமராவுக்கும் மட்டும் தெரியும்.
சுவரில் ஒரு முக்கோணம், கோடுபோட்ட துணி:
அவற்றைப் பார்த்து வழிபிடிக்க வேண்டும் சுண்டெலி.

எங்கோ ஒரு மனிதக் குடும்பத்தில் ஓடிய பிழையைக்
கருவிலேயே வாங்கி வந்தவை இவை.
மறதிகூட இரவல்.

குப்பிகளில் பச்சை மூடி, ஊதா மூடி.
எதில் மருந்து, எதில் வெறும் உப்புநீர்,
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
ஹெல்டூர் சிரிக்காமல் சொன்னார்:
"நம்புகிறவர்கள் கடிகாரத்தைத் தொடக் கூடாது, லீவி."

ஐந்து நாள் பழக்கம். நாளுக்கு நான்கு நீச்சல்.
மேடையை அடையாததை
அறுபதாவது விநாடியில் தூக்குவேன்,
துண்டில் துடைப்பேன்,
சிவப்பு விளக்கடியில் வைப்பேன்.

ஆறாம் நாள் மேடையை எடுத்துவிடுவோம்.
சோதனையே அதுதான்.
இல்லாத ஒன்றை இருந்த இடத்தில்
எவ்வளவு நேரம் தேடுகிறதோ
அவ்வளவு நினைவு.
முதன்முதலில் இதைக் கேட்ட அன்று
கையுறையைக் கழற்றிவிட்டு
பனியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்பது தேடியது.
பதினொன்று அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.
ஊதா மூடியா?
எழுதக் கூடாது. நினைக்கவும் கூடாது.

பதினான்கு தேடவில்லை.
இறக்கிவிட்ட இடத்திலேயே
நாலு காலும் விரித்து மிதந்தது,
மூக்கை மட்டும் உயர்த்தி,
என் பக்கமாக.

திரையில் அதன் தடம் ஒரு புள்ளி.
மென்பொருள் சொன்னது: கற்கவில்லை.
ஹெல்டூர் குறித்தார்: மிதவை, விலக்கு.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை:
மேடை எங்கே என்பதை அது மறந்திருக்கலாம்.
பொறுத்திருந்தால் மேலிருந்து ஒரு கை வரும்
என்பதை மறக்கவில்லை.

வந்தது. நீலக் கையுறை.
வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தேன்,
காதோரம், வால் நுனி வரை.

நாளை காலை பத்து மணிக்கு
மூளைகளை எடுத்துச் சீவி
படிவுகளை எண்ண வேண்டும்;
விலக்கானதுக்கும் அதே கணக்கு.
பதினான்காம் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது
அது மூலைக்கு ஓடாது.
தெரிந்த கைதானே.