மூன்றாம் கோபுரத்துச் சுவர்

வாகனக் காப்புறுதி இழப்பீட்டுப் படிவங்களின்
வெறும் பின்பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்:
முதலாம் கோபுரம் நான்கு நிமிடம் பத்து.
இரண்டாவது, பாலம் உடையுமுன், ஐந்தரை.
மூன்றாவதுக்கு நேரே ஒரு கேள்விக்குறி,
அதைச் சுற்றித் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.

தவளைத் தலையும் மனிதக் கால்களுமாக
ஒரு தபால்காரன்.
ஏழு கோபுரம் ஏறி ஒரு கடிதம் கொடுக்கவேண்டும்.
பன்னிரண்டு வயதில் இதை முடிக்க
முழு ஓகஸ்ட் விடுமுறையும் போனது எனக்கு.
நாற்பத்தைந்து நிமிடம் போதும் என்கிறான் மிஃப்லால்,
தெமட்டகொடையிலிருந்து, குரல் பதிவில்,
பின்னால் கொத்துக் கடையின் தகரச் சத்தத்தோடு:
"சுவரை விடு மச்சான். முதல்ல முடி.
முடிக்காத ரன்னுக்கு நேரமே கிடையாது."

சுவரை விட மனமில்லை.
மூலையில் முதுகை ஒட்டவேண்டும்.
குனிந்து, பாய்ந்து, பாய்ச்சல் முடியுமுன் மறுபடி குனிந்தால்
கல்லுக்குள் கால் போகும், பிறகு இடுப்பு,
பிறகு ஆளே இல்லை.
கதவு வைக்காத ஓர் அறையில் நிற்பான்.
தைத்தவர்கள் மறந்துவிட்ட விடுபட்ட தையல்.
ஐம்பது செக்கன் மிச்சம்.
ஒரு செக்கனை அறுபதாய்க் கிழித்து
அதில் இரண்டு துண்டுக்குள் பெருவிரல் நுழையவேண்டும்.

பதினொன்றுக்கு ஒருதரம் சரிவருகிறது.

புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கிய கொன்ட்ரோலர்.
இடது குச்சி தானாகவே சாயும்.
மேசையை வடக்கே போட்டிருப்பதால்
அது எப்போதும் கடலுக்குத்தான் இழுக்கிறது.

வெள்ளவத்தையில் தண்டவாளத்தைப் பார்த்த அறை.
ரயில் போனால் மேசை நடுங்கும், திரை நடுங்கும்,
தபால்காரன் மட்டும் நடுங்கமாட்டான்.
கோட்டைக்குப் போகும் காலை வண்டி கடக்கையில்
அதன் சக்கரத் தட்டலுக்கு விரலை விட்டுப் பார்த்தேன்:
மூன்றுக்கு ஒருதரம்!
ரயிலைப் பிடித்து வைக்க முடியாது.
போனில் பதிந்துகொண்டேன்.
நூறாம் இலக்க பஸ்ஸில், ஜன்னலோரம், காதுக்குள் ரயில்.
கண்டக்டர் மிச்சக் காசை நீட்டியபடி நிற்க
கைப்பை வாரில் என் பெருவிரல்
குனிந்து, பாய்ந்து, குனிந்தது.

யதுர்ஷா தாதி. இரவு டியூட்டி முடித்துப் பகலில் தூங்குபவள்.
"உன்ர பட்டன் சத்தம் கனவுக்குள்ள வருது," என்றாள்,
"சேலைன் சொட்டுற மாதிரி. நான் எழும்பி எழும்பி எண்ணுறன்."
சனிக்கிழமைகளில் துவாய்க்குள் கைகளை விட்டுப் பழகினேன்,
ஏதோ குட்டி ஈனும் பூனைக்கு உதவுபவள்போல.

நாலாம் கோபுரத்தில் ராஜா அழும் காட்சி வரும்.
ஒரு பொத்தானில் தாண்டிவிடுகிறேன்.
ஏன் அழுதான் என்பது இப்போது நினைவில்லை.
கடிதத்தில் என்ன இருந்ததோ, அதுவும்.
எட்டு செக்கன் அது.

போயா. ஒஃபிஸ் லீவு. யதுர்ஷா டியூட்டியில்.
தாள் பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்தினேன்.
வேர்வை பார்த்துக்கொண்டிருந்ததுபோல் வந்தது.
மிஃப்லாலுக்கு "தொடங்கிறன்" என்று அனுப்பிவிட்டு
போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.
மூன்று. இரண்டு. ஒன்று.

முதல் கோபுரம், முதல் பள்ளம்.
அறுநூறு பயிற்சியில் ஒருநாளும் விழாத பள்ளம்,
பன்னிரண்டு வயதிலும் விழாதது.
விழுந்தான்.
ஒன்பது செக்கன்.

கையைத் துவாயில் துடைத்தேன்.
புதிதாக ஒரு படிவம் எடுத்து
இம்முறை முன்பக்கத்திலேயே,
"விபத்து நிகழ்ந்த விதம்" என்ற கட்டத்துக்குள், எழுதினேன்:

சாரதி அந்நேரம்
சுவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.