காயாத மஞ்சள்

ஐப்பசி பிறந்து ஒன்பது நாள்.
கடலூர் முதுநகரில்
அரிசி மண்டிக்கு மேலே எங்கள் கூடம்.
பழைய செய்தித்தாளில் பரப்பிவைத்த
இருநூற்றுப் பத்து அகல் விளக்குகளில்
ஒன்றும் காயவில்லை.

மஞ்சள் பூசினால் மஞ்சள் விரலோடு வருகிறது.
அதன்மேல் சிவப்புப் பொட்டு வைத்தால்
இரண்டும் கூடிப் பேசி ஆரஞ்சாகிவிடுகின்றன.
பியூட்டி பார்லர் ஜமீலா இரவல் கொடுத்த ஹேர் டிரையரோடு
பாவாடை உட்கார்ந்திருக்கிறார்.
விளக்குக்குப் பதினாறு எண்ணுங்கள் என்றேன்.
அவருக்கு ஏழுக்குப் பிறகு பன்னிரண்டு.
நியாயம் தவறமாட்டார்.
எல்லா விளக்குக்கும் அதே ஏழு, அதே பன்னிரண்டு.

பாவாடைக்கு வயது நாற்பத்து நான்கு.
மீசையில் நரை.
சலூனுக்குத் தனியாகப் போய் வருவார்.
அங்கே கடனும் வைத்திருக்கிறார்.

ஞானசௌந்தரி உட்புறம் மட்டும்தான் வரைவார்.
எண்ணெய் ஊற்றுகிற இடம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று
மூன்று நாள் சொல்லிப் பார்த்தேன்.
நாலாம் நாள் வாயை மூடிக்கொண்டேன்.
உள்ளே ஒரு மீன், ஒரு மீன், ஒரு பேருந்து,
மறுபடி மீன்.

ஈரம் என்றால் இக்பாலுக்கு ஆகாது.
மடி நிறையப் பஞ்சோடு திரி திரிக்கிறார்.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன்.
ஏற்றினால் தீபமில்லை,
சொக்கப்பனை.

மஞ்சக்குப்பத்து வங்கியின் ஆர்டர் இது,
வாடிக்கையாளருக்குத் தீபாவளிப் பரிசு.
ஸ்டிக்கரும் அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள்,
அடியில் ஒட்டச் சொல்லி.
முந்தின இரவு நானே ஒட்டினேன்.
படித்தேனா என்றால், படித்தேன்.
உறுத்தியதா என்றால்,
பணம் வந்தால் மூன்று மாத வாடகை.

பெரியநாயகிதான் எழுத்துக்கூட்டினார்.
விளக்கைக் கவிழ்த்து, மூக்கருகே கொண்டுபோய்,
ஒவ்வொரு எழுத்தாய்ப் பல்லில் கடித்து:
சி-ற-ப்-பு-க்
கு-ழ-ந்-தை-க-ளி-ன்
கை-வ-ண்-ண-ம்.

ஹேர் டிரையர் நின்றது.
மின்சாரம் போனதால்தான்.
ஆனாலும் அந்த நேரம் பார்த்துப் போனது.

"எந்தக் கொழந்த?"
கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.
மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.
"கொழந்த யாரும் வர்லியே இங்க."

என்னிடம் ஒரு பதில் இருந்தது,
பயிற்சி வகுப்பில் கொடுத்து அனுப்பியது.
அது வாய்வரை வரவில்லை.

நான் வெட்டச் சொல்லிச் சண்டைபோட்ட நகத்தால்
ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினார்.
உரித்தார்.
பாவாடை அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.
ஞானசௌந்தரி வந்தார்.
காய்ந்த காகிதம்தானே என்று இக்பாலும் வந்தார்.
துணிக்கிளிப்பும் பட்டாணியும் வைத்து
விரல் பயிற்சி, விரல் பயிற்சி என்று
ஒரு வருடமாக நான் கெஞ்சியது
இதைத்தான்.

உரித்ததையெல்லாம் பாவாடை
என் கையில் ஒட்டிக்கொண்டே வந்தார்,
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை
சிறப்புக் குழந்தை, சிறப்புக் குழந்தை.
பத்தொன்பது மட்டும் வர மறுத்தன.
அவற்றின்மேல் ஞானசௌந்தரி
ஆளுக்கொரு பேருந்தை நிறுத்திவைத்தார்.

சனிக்கிழமை விளக்குகள் ஆட்டோவில் போயின.
கெடிலம் பாலத்தில் தண்ணீர் சரியான ஓட்டம் என்று
டிரைவர் வந்து சொன்னார்.

திங்கட்கிழமை மேலாளர் போன்.
"ஸ்டிக்கர் ஒண்ணுகூடக் காணோமே மேடம்?"
"மழை சார். ஈரத்துல உரிஞ்சிடுச்சு."
"பரவால்ல, பரவால்ல" என்றார்.
நல்ல மனிதர்.

வைத்துவிட்டுத் திரும்பினால் பெரியநாயகி.
"பொய்" என்றார்.
கோபமெல்லாம் இல்லை.
மேசையிலிருந்து போனை எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
திரையில் அவர் விரல் ரேகை,
மஞ்சளாக,
இன்னும் காயாமல்.

"திருப்பிப் போடு."