மூன்றாம் வளைவு

கோபுரத்துத் தகரக் கூரையில் நின்று
இருபத்தாறு வருடமாக அவனுக்குக் கண்ணாக இருக்கிறேன்.
ஒன்பது வருடம் மனைவியாக.
மீதி பதினேழும் சும்மா.
மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்த அன்று
ஹெட்செட்டையும் சேர்த்து நீட்டினேன்.
"அது உன்னிடமே இருக்கட்டும் ஒலீட்டா,
சனிக்கிழமை பந்தயம் இருக்கிறது" என்றான் வெர்லின்.

தலைக்கவசம், கழுத்துப் பட்டை, நெஞ்சின் குறுக்கே வார்கள்.
காருக்குள் இருப்பவனால் திரும்பிப் பார்க்க முடியாது.
நான்தான் சொல்ல வேண்டும்.
உள்ளே ஒருவன்.
இன்னும் உள்ளே.
கதவருகே.
விலகிவிட்டான்.
இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு
ஒரு ஆளைச் சாகாமல் காப்பாற்றலாம்.
வீட்டில் எங்களுக்கு
இத்தனை தெளிவான ஒரு வாக்கியம் வாய்த்ததில்லை.

கரோலைனாவின் செம்மண் மேடு. கேட்லர் மில்.
பஞ்சாலை மூடிய பின் ஊருக்கு மிஞ்சியது
அரை மைல் தார்வட்டமும் அவித்த வேர்க்கடலை வாசனையும்.
அங்கே பதினான்கு முறை இரண்டாவதாக வந்தான்.
காரின் மூக்கில்
செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் கம்பெனியின் பெயர்.
வேறு யாரும் காசு தரவில்லை.

ஒருமுறை, கல்யாணமான இரண்டாம் வருடம்,
அரை நொடி முந்திச் சொல்லிவிட்டேன்,
விலகிவிட்டான் என்று.
அவன் விலகியிருக்கவில்லை.
மூன்றாம் வளைவின் சுவரில்
வெர்லினின் கார் பக்கவாட்டாக ஏறிக் கிழித்த கறுப்புத் தடம்
ஒரு ஆள் நீளம்.
விலா எலும்பு மூன்று. அதைப் பற்றி
அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.
திட்டியிருக்கலாம்.

வசந்தம்தோறும் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்.
ஜூன் மழையில் தடம் வெளியே வந்துவிடும்.
அது வரும் இடத்தில் காலை எடுத்தால்
வளைவு சரியாகக் கிடைக்கும் என்று
யாரோ கண்டுபிடித்தார்கள்.
"ஹாட்செல்லில் காலை எடு."
இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.
அது ஒரு ஆளின் பெயர் என்று
பாதிப் பையன்களுக்குத் தெரியாது.

ஐம்பத்தொன்பதில் இடுப்பில் டைட்டானியம் வைத்தார்கள்.
பின் டயர் வழுக்குவது
இப்போது எலும்பிலேயே முன்கூட்டித் தெரிகிறது என்றான்.
டாக்டர் சிரித்தார்.
அந்த வருடம் ஏழு வெற்றி.
வேகம் கூடவில்லை, நான் நேரம் குறித்திருக்கிறேன்.
மற்றவர்கள் அறுபதாம் சுற்றுக்குள் டயரைத் தின்றுவிடுகிறார்கள்.
இவன் பசியோடு காத்திருக்கக் கற்றுக்கொண்டான்,
அவ்வளவுதான்.

பட்டத்துக்கான கடைசி இரவு. நூற்றைம்பது சுற்று.
நூற்று நாற்பத்தெட்டில்
கோல்பி ரென்ஃப்ரோ, பத்தொன்பது வயது,
எங்கள் பழைய வீட்டைவிட விலையுள்ள டிரெய்லரில் வந்த பையன்,
மூக்கை நுழைத்தான்.
உள்ளே ஒருவன், என்றேன்.
இன்னும் உள்ளே.
கதவருகே.
வெர்லின் ஒரு கார் அகலம் இடம் விட்டான்.
கூரையில் என் பக்கத்தில் நின்ற பையனின் ஆள் கத்தினான்:
"ஹாட்செல்லில் காலை எடு! ஹாட்செல்!"
பையன் எடுக்கவில்லை.
ஹாட்செல் எடுத்தான்.

நீலக் கார் வெர்லினின் மூக்கைக் கடந்து மேலே சறுக்கிப் போய்ச்
சுவரை உரசியது.
கீழே வழி திறந்தது.
பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன்.
ஒரு முழு நொடி. நிச்சயமாகும் வரை.
பிறகு சொன்னேன்:
விலகிவிட்டான்.

கொடி விழுந்த பின்னும் காதில் அவன் குரல்:
"பின்னால் யார்?"
யாருமில்லை, வெர்லின்.
"நிச்சயமாகவா?"
நிச்சயமாக.
இருபத்து நாலு வருடத்தில் அவன் கேட்ட ஒரே கேள்வி.

எடை மேடையில் காரை நிறுத்தி
இரண்டு மணி நேரம் பிரித்துப் பார்த்தார்கள்.
பன்னிரண்டே முக்காலுக்குத்தான் சரி என்றார்கள்.
அதுவரை வெறும் டயர்மேல் உட்கார்ந்து
ஆறிப்போன கடலையை உரித்துத் தின்றோம்.
தோலை அவன் தொப்பியில் போட்டேன்.

மார்ச்சில் வெள்ளையடிக்க வந்த ஆள் கேட்டான்:
அந்தத் தடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடலாமா,
பட்டம் ஜெயித்த ஞாபகமாக?
கறுப்பை ஒட்டி இப்போது ஒரு நீலக் கோடும் இருந்தது.
வெர்லின் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.
"அடித்துவிடு," என்றான்.
"ஜூனில் வந்துவிடும்."