ஆறாவது மீன்

இந்த இரண்டு நாள்
யாரையும் கேட்க என்னிடம் கேள்வி இல்லை.
சஸ்காட்செவனில் இன்றும் நாளையும்
உரிமச் சீட்டு இல்லாமல் எவரும் தூண்டில் போடலாம்.
சீருடை வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

பதினோரு வருடமாக என் பிழைப்பு ஒரே வாக்கியம்:
"சீட்டைக் காட்டுங்கள்."
கேட்டதும் சட்டைப்பை தடவும் கைகளை,
வண்டியில் விட்டுவிட்டேன் என்னும் வாய்களை,
கழுவுகிற மீனில் நழுவுகிறவர்களை
வண்டி எண்ணோடு அறிவேன்.
மீனை அறியேன்.
அதாவது, உயிரோடு.
எனக்குப் பழக்கமானவை
பெட்டியில் விறைத்தவை,
அளவுகோலில் படுத்தவை,
வாலில் வழக்கு எண் கட்டியவை.

மைனஸ் பத்தொன்பது.
ஹார்கென் ஏரியின் மேல் நாற்பது வண்டிகள்.
கோடையில் படகு கவிழ்ந்த இடத்தில்
ஒருவர் காப்பி விற்கிறார்.

நர்ஸ் மரிவிக், தோழிகள் மூவரோடு வந்தாள்,
இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், நேராக.
முதல் அடி வைக்குமுன் கேட்டாள்:
"இதற்குக் கீழே நிஜமாகவே ஏரியா?"
ஆமாம் என்றேன்.
நால்வரும் கைகோத்து நடந்தார்கள்.
பனி உள்ளுக்குள் முனகியது,
யாரோ அடியில் பீரோவை நகர்த்துவது போல.
நாலு அலறல்.
பிறகு நிற்காத சிரிப்பு.

அவர்களுக்குத் துளை போட்டுக் கொடுக்க வந்தவர்
தியோடர் ஹ்ரின்கிவ்.
போன ஜூனில் நான் அபராதம் எழுதிய ஆள்,
நூற்றெண்பது டாலர்.
ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"உன் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கிறது" என்றார்.
அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
இன்றும் இல்லை.
எட்டுத் துளை போட்டார்.
கேட்காமலே ஒன்பதாவது போட்டார்.
குட்டைத் தூண்டில் ஒன்றை
அதன் பக்கத்தில் குத்திவைத்துப் போனார்.

சாப்பாட்டுத் தட்டளவு கறுப்பு.
அதற்குள் என் நூல்.
அரை மணி நேரம்
ஒன்றும் நடக்கவில்லை, நன்றாகவே நடக்கவில்லை.
பிறகு ஒரு சுண்டல்.
முதலில் வந்தது சந்தேகம், தொழில்புத்தி.
யாரது என்று கேட்கப் போனேன்.
"சுற்றுங்கள்! சுற்றுங்கள்!"
மரிவிக் கத்தினாள்,
பத்து நிமிடம் முன்பு முதல் மீனைப் பிடித்த அனுபவசாலி.

பெர்ச்.
மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை,
உள்ளங்கையைவிடச் சற்றே நீளம்.
முதுகுமுள் கையுறையைத் தாண்டிக் குத்தியது.
துடிப்பதால் சூடாக இருக்குமென்று
ஏன் நினைத்தேனோ.
என்னிடம் வாளி இல்லை.
தியோடர் தன் வாளியைக் காலால் தள்ளிவிட்டார்.

மதியம் இலாகா வண்டி வந்து நின்றது.
கெல்சி ஊலெட், வேலைக்கு வந்து எட்டு மாதம்.
சீட்டு வேண்டாம், ஆனால் கணக்கு உண்டு:
இந்த ஏரியில் ஆளுக்கு ஐந்து.
முழங்காலிட்டு வாளிக்குள் எண்ணினாள்,
உரக்க, ஆறு வரை.
"ஐயா, ஒன்று அதிகம்."
தியோடர் வானத்தைப் பார்த்தார்.
அவருக்கு எந்த அவசரமும் இல்லை.
கெல்சி நோட்டுப்புத்தகத்தின் ரப்பர்பட்டையை விடுவித்தாள்.
டப்.
பதினோரு வருடம் நான் எழுப்பிய சத்தம்.
இந்தப் பக்கம் நின்று கேட்டால்
இவ்வளவு பெரிதா அது?

கையுறையோடு கையைத் தூக்கினேன்,
பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.
"ஆறாவது என்னுடையது."
"மேடம்... உங்களுடையதா?"
நாலு நர்சுகள் சாட்சிக்கு எழுந்தார்கள்,
ஒரே நேரத்தில், மூன்று விதமான நீளம் சொல்லி.
கெல்சி கேட்டாள்:
"இதில் எது?"

குனிந்து பார்த்தேன்.
ஆறு மஞ்சள், ஆறு முதுகு,
ஒன்றுபோல் விறைத்துப்போன ஆறு வால்கள்.
என்னால் காட்ட முடியவில்லை.

"இருப்பதிலேயே சின்னது"
என்றார் தியோடர்,
ஜூனுக்குப் பிறகு
என்னைப் பார்த்து முதன்முதலாக.