பதினேழாவது டக்

மல் தீவுக்குத் தெற்கே, குடாவின் வாய்க்குள்
ஆரஞ்சு மிதவை ஒன்று ஆளின்றிக் கிடந்தது.
மூன்றாம் முறைதான் கொக்கியில் அகப்பட்டது.
முதல் இரண்டும் யார் தவறு என்பதில்
டூகலுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

பாசி வழுக்கும் கயிற்றைப் படகின் மூக்கில் கட்டினேன்.
கீழே எத்தனை பாகம் என்று வரைபடம் சொன்னது,
எது எங்களைப் பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை.
யாரோ என்றோ இறக்கிய கல்.
அதில் யாரோ பூட்டிய சங்கிலி.

ஜூன். இரவு பதினொன்றுக்கும் வானம்
அரிசி களைந்த நீராய் வெளுத்தே இருந்தது.
சார்டின் டப்பாவை அவன் திறந்தான்.
உப்பை அவன் பக்கம் தள்ளினேன்,
அதுவும் பேச்சென்றால் பேச்சு.

இருபத்து நாலடிப் படகில்
கோபித்துக்கொண்டு போக அடுத்த அறை கிடையாது.
முதுகைத் திருப்பினால்
மூக்கு சுவரில் இடிக்கும்.

இரண்டு மணிக்கு ஓதம் திரும்பியது.
காற்று ஒரு பக்கம் இழுக்க, நீர் ஒரு பக்கம் இழுக்க,
யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல்
படகு குறுக்கே நின்றது.
மிதவை வந்து முட்டியது.
டக்.
இனித் தூங்கிவிடலாம் என்று நம்புகிற அளவு இடைவெளி.
டக்.
அதற்கும் என் காதுக்கும் நடுவே
ஒரு விரற்கடை ஃபைபர்.

இருவரும் தூங்குவதாக நடித்தோம்,
இருவருக்கும் தெரிந்தே.
பதினேழாவது டக்குக்கு அவன் எழுந்தான்.
அரைக்கால் சட்டையோடு மேலே ஏறினான்.
என் தலைக்கு மேல் பாதங்கள் நடந்தன,
கயிறு கிறீச்சிட்டுக் குறுகியது,
மிதவையிடம் கேலிக் மொழியில் ஏதோ சொன்னான்,
அவன் அம்மா காதில் விழக்கூடாத ஒன்று.

திரும்பி வந்து
ஈரப் பாதங்களை என் கெண்டைக்காலில் வைத்தான்.
'ஐயோ' என்றேன்.
பதினொரு மணி நேரத்தில் என் முதல் சொல்.
'வெளியே ஒரு நீர்நாய்
நண்டு கடித்துக்கொண்டிருக்கிறது' என்றான்.

ஒரே போர்வையில் போய்ப் பார்த்தோம்.
அது போய்விட்டிருந்தது.
ஆனாலும் நின்றோம்,
குளிர் தாங்காமல் போகும்வரை.

காலையில் கர்ஸ்டி மெக்ஃபீ வேலைப்படகில் வந்தாள்.
மிதவைகளைச் சோதிக்கும் நாளாம்.
எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுச் சங்கிலியைத் தூக்கினாள்:
கறுப்புச் சேறு, சிப்பிகள், ஒரு நட்சத்திர மீன்,
அப்புறம் அந்தக் கண்ணி,
தேய்ந்து தேய்ந்து பென்சில் பருமனில்.

'இதை நம்பியா படுத்திருந்தீர்கள்?'
டூகல் என்னைப் பார்த்தான்.
'நன்றாகத் தூங்கினோம்' என்றோம்
இரண்டு பேரும், ஒரே சமயத்தில்.

ஓர் இரவுக்கு இருபது பவுண்டு.
அவளிடம் சில்லறை இல்லை.