நாக்குக்கு அடியில்

காலை எட்டிலிருந்து நான் சொல்வது
இரண்டே வாக்கியம்.
நாக்கைத் தூக்குங்க.
கரையிறவரைக்கும் பேசாதீங்க.

பெஞ்சில் வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள்:
ஆட்டோ சிக்கந்தர், விளாங்குடி வெல்டர்,
வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் சோணை,
அவர் பக்கத்தில் எப்போதும்
பேர் சொல்லப் பிடிக்காத ஒரு கல்லூரிப் பையன்.
வெளியே கோரிப்பாளையம் சிக்னலில்
மதுரையே ஹாரன் அடிக்கும்.
உள்ளே எச்சில் விழுங்காத மௌனம்.

ஆனியில் இன்டென்ட் போட்டேன். வரவில்லை.
குடோன் கம்பெனியைக் கைகாட்டியது,
கம்பெனி மூலப்பொருளை.
அது எந்தத் துறைமுகத்தில்
யாருடைய கையெழுத்துக்குக் காத்துக்கிடந்ததோ.
'அடுத்த வாரம்' மட்டும்
தட்டுப்பாடில்லாமல் வந்துகொண்டிருந்தது.

இரண்டு ஒன்றாயிற்று.
ஒன்று பாதியாயிற்று.
பிளேடு நறுக்கியதில் சிதறிய தூளை
சோணை பார்த்த பார்வையை
எந்தப் பதிவேட்டில் எழுத?

"அரை மாத்திரைக்கு அரை நாள்தான் சிஸ்டர்.
மத்தியானத்துக்கு மேல எலும்புக்குள்ள எறும்பு ஊருது.
மூட்டை நழுவுது."

கால் மாத்திரை கொடுத்த அன்று
அவர் நாக்கைத் தூக்கவில்லை. சிரித்தார்.
"பாலத்துக்குக் கீழ ஒருத்தன் இருக்கான்.
அவன்கிட்ட எப்பவும் ஸ்டாக் இருக்கு.
ஆதார் கேக்கமாட்டான்,
ஆடி அமாவாசைக்கும் லீவு விடமாட்டான்."
சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.
போகாதீங்க என்றேன்.
அதை எந்த நாக்குக்கு அடியில் வைப்பது?

ஆவணி பத்தில் மூன்று பெட்டி வந்தது.
டேப்பைப் பிரிக்கையில் கை நடுங்கியது,
எனக்கு.
பேட்ச் எண் எழுதினேன். காலாவதித் தேதி எழுதினேன்:
இன்னும் ஒன்றேமுக்கால் வருடம் இருக்கிறது.

அறுபத்தொரு பேருக்குப் போன் போட்டேன்.
முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள்.
சிக்கந்தர் முழுக்கைச் சட்டையில் வந்தார், இந்த வெயிலில்.
நான் கேட்கவில்லை, அவரும் மடித்துவிடவில்லை.
கல்லூரிப் பையனின் எண் உபயோகத்தில் இல்லை.

சோணையின் போனை அன்னமயில் எடுத்தார்.
"வந்துருச்சா?"
வந்துருச்சு.
"பாதியா, முழுசா?"
முழுசு. ரெண்டு.
குழாயில் குடம் நிரம்பும் சத்தம்.
நிரம்பி வழியும் சத்தம்.
யாரும் மூடவில்லை.

"அவரு பங்கை
அந்தப் படிக்கிற பயலுக்குக் குடுத்துருங்க சிஸ்டர்.
பக்கத்துல உக்காருவானாமே,
அவனைப் பத்தியேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு."

சரிம்மா என்றேன்.