எந்த றோட்டால

வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஐந்தாம் மாடியில்,
இரவு பதினொன்றேகாலுக்கு
ஒரு சின்னப் படத்தைச் சொடுக்கினேன்.
திறந்தது
நான் திறக்கச் சொல்லாத கறுப்பு ஜன்னல்.

என்னிடம் நான்கு டெர்மினல்கள்.
மூன்று தாமாக வந்து குடியேறியவை.
நான்காவதை நானே தேடிப் பிடித்தேன்.
காரணம் பெரிதில்லை:
அதில் மட்டுந்தான் கொழும்பு உடையாது.

மற்றவற்றில் அந்தக் கோப்புறையின் பெயர் வரும்போது
கொம்பு ஒரு பக்கம் போகும், ககரம் ஒரு பக்கம்.
கால், புள்ளி வட்டமொன்றைப் பிடித்தபடி தனியே நிற்கும்,
ஞாயிறு மாலை காலிமுகத்திடலில்
கைவிட்டுப் போன பிள்ளை மாதிரி.
ழுவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

உலாவி எது என்று கேட்கிறது இந்த டெஸ்க்டொப்.
மடலுக்கு எது, பாட்டுக்கு எது, படத்துக்கு எது,
எல்லாம் மரியாதையாய்க் கேட்கிறது.
இதை மட்டும் கேட்பதில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
மூல நிரலின் அடியில் ஒரு பட்டியல்.
யாரோ, எப்போதோ,
தன் மேசையை மட்டும் பார்த்து எழுதியது.
முதலாவது இருக்கிறதா? இல்லையா, இரண்டாவது.
அதுவும் இல்லையா, மூன்றாவது.
அதில் இரண்டு பேர் செத்துக் கன வருடம்.
திருத்தாத வாக்காளர் இடாப்பு.
என்னுடையது பிறகு பிறந்தது,
பதியவில்லை.

ஃபர்ஹத்தின் மடிக்கணினியில் வேறு இடாப்பு.
அவன் சொன்னான்:
ஒன்றுக்குக் கட்டளைக்கு முன் ஒற்றைக் கோடும் ஓர் எழுத்தும்,
ஒன்றுக்கு இரட்டைக் கோடு,
ஒன்று கோட்டைக் கண்டாலே மூடிக்கொள்ளும்.
ஜன்னல் திறக்க இத்தனை சாத்திரமா?

வங்கிக்கு எடுத்தால்
தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்கிறார்கள்.
அழுத்துகிறேன். இசை. இன்னும் இசை.
பிறகு வருகிற குரலுக்கு
நான் அழுத்தியது தெரியாது.

த்ரீவீல் விமலசிறி முதல் நாள் கேட்டார்,
"மிஸ், எந்த றோட்டால?"
மரைன் டிரைவால.
கடல் ஏறி அடைச்சிருந்தால் காலி வீதி.
அதுவும் இல்லாட்டி ஹவ்லொக் றோட்.
அதுக்கு மேல உங்கட பாடு.
பிறகு அவர் கேட்டதேயில்லை.
எந்த கியர் என்று நானும் சொன்னதில்லை.

அவர் வராத நாளில் வந்த பையன்
திரும்பவும் கேட்டான்.
அவனில் பிழையில்லை.
நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

யோசனை இவ்வளவுதான்:
எழுதி வைப்பது.
வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்த அறையில்
ஒரு சின்னக் கோப்பு,
வரிக்கு ஒரு பெயர், விருப்பமானது மேலே,
இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ளது.
ஜன்னல் வேண்டியவர் எல்லோரும்
ஒரே ஆளிடம் கேட்கட்டும்.
கோடு எத்தனை என்பது அந்த ஆளின் வேலை.

இதற்கு ஏன் இத்தனை வருடம் என்று கேட்டால்
பதில் ஜன்னலைவிடப் பெரியது.
கோப்புக்கு என்ன பெயர்,
யார் முதலில் வாசிப்பது,
எங்கள் வீட்டில் எங்கள் பட்டியல் என்பவர்களை என்ன செய்வது.
எல்லோரும் நல்லவர்கள்.
எல்லோரிடமும் ஏற்கனவே ஓர் இடாப்பு.

இன்றிரவு நான்கு வரி எழுதினேன்.
நான்காவதை முதலில் வைத்தேன்.
சேமிக்கும்போது கை ஏனோ தயங்கியது,
நேர்முகத்தில் ஊர் எது என்ற கேள்விக்கு
முழு முகவரியும் சொன்னவள்போல்.

சொடுக்கினேன்.
கீழே கடைசி ரயில் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டு போக
திரையில் வந்து நின்றது
கொழும்பு,
கொம்பும் காலும் ககரத்தை விடாமல்.

இன்னொரு நிரலைச் சொடுக்கிப் பார்த்தேன்.
அது பழைய இடாப்பையே வாசித்தது:
உடைந்த க, வட்டம், ழு.

சரி.
மழை பிடித்துவிட்டது.
நாளை மரைன் டிரைவ் அடைத்திருக்கும்.
விமலசிறிக்குச் சொல்லத் தேவையில்லை.